தபசு மண்டபத்திலிருந்து தெப்பம் வரை

சங்கரன்கோவிலில் ராஜகோபுரத்துக்கும் தபசு மண்டபத்துக்கும் இடையே உள்ள தூரம், ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். அங்கிருந்து ஆவுடைப் பொய்கைத் தெப்பக்குளத்துக்கு இன்னொரு வெற்றிலை. அதைத் தெப்பம் என்றே சொல்வோம். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் தனித்தனி அத்தியாயமாக எழுதுகிறார்கள். எந்தப் பாண்டியன் கட்டினான், எத்தனை நிலை, எத்தனை தூண், எந்த மாதம் எந்த விழா. படித்திருக்கிறேன். தப்பில்லை. எனக்கு மட்டும் அந்த மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு சாயங்காலம். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடித்தபசு நாள். எனக்கு இருபது வயது. கல்யாணமாகி இன்னும் இரண்டு மாதம் முடியவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவணி பிறந்ததும் நான் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். போக எனக்கு மனசு இல்லை.

அவர் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கை நீட்டியது கிடையாது. சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் சைக்கிளில் போவார், சாயங்காலம் சைக்கிளில் வருவார். பேசமாட்டார். அதுதான் குறை. ஆனியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்கு முன் அந்த வீட்டில் நான் இருந்தது இருபத்துமூன்று நாள். அந்த இருபத்துமூன்று நாளில் அவர் என்னிடம் சொன்னது அத்தனையையும் ஒரு தபால் கார்டின் முகவரிப் பக்கத்தில் எழுதிவிடலாம். தண்ணி. வேண்டாம். போதும். விளக்க அணைச்சிரு. "எங்கிட்டயும் அப்பிடித்தான் இருப்பான். நீ ஒண்ணும் நெனைக்காத" என்று மாமியார் ஆறுதல் சொன்னாள். அதில் ஆறுதல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தட்டுப்படவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நானும் நிமிர்ந்து பார்த்ததில்லை, அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். கல்யாண போட்டோ ஸ்டுடியோவிலிருந்து இன்னும் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வழியில் நிறுத்தி யாராவது கேட்டிருந்தால் என் புருஷனுக்கு மீசை எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நான் வளர்ந்த வீடு வேறு மாதிரி. மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா தெருமுனையில் வரும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுவார். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பாள். நடுவில் நாங்கள் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வாய். அந்தச் சத்தத்திலிருந்து கொண்டுபோய் இந்த வீட்டில் விட்டதும், எனக்குக் காதில் பஞ்சு வைத்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று கணக்கு. அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டு கிளம்பிய காலையில் அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் படி இறங்கும்போதும் அடித்துக்கொண்டிருந்தார். தெரு திரும்பும்போதும் அந்த பம்ப்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 'போய்ட்டு வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

ஆடி பிறந்த பத்தாம் நாளோ என்னவோ, அம்மா வத்தலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"ஆவணியில நான் அங்க போகமாட்டேன்."

அம்மாவின் கை நின்றது. "ஏட்டி, என்ன பேச்சு பேசுத? அடிச்சாவளா?"

"இல்ல."

"வைஞ்சாவளா?"

"வைஞ்சாக்கூட பரவால்லயே. பேசவே மாட்டேங்காவ."

அம்மா மறுபடி வத்தலைப் பரப்ப ஆரம்பித்தாள். "பேசாத மனுசன் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். பேசுற மனுசனக் கட்டிக்கிட்டு நான் படுதது போதாதா?" என்றாள். வெளியே கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த அப்பா பெரிதாக இருமினார்.

ஆனால் அம்மா பயந்துவிட்டாள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அம்மா போய் அவள் தங்கச்சியை, அதாவது என் சித்தியைக் கூட்டிவந்தாள். சித்திதான் வழி சொன்னாள். தபசுக்கு எல்லாரும் சங்கரன்கோவில் போவோம், மாப்பிள்ளையைக் கோபுரத்தடிக்கு வரச்சொல்லி ஒரு கார்டு போட்டுவிடுவோம், இரண்டு பேரும் மண்டபம், தெப்பம் என்று ஒரு நடை நடந்துவிட்டு வரட்டும், வீட்டில் நாலுபேர் நடுவில் வராத பேச்சு வெளியில் வரும். ஆடியில் சேர்த்துவைக்கலாமா என்று அம்மா இழுத்தாள். "பகல்ல, ஊரே பாக்க, சாமிய சுத்தப்போற புள்ளைகளுக்கு என்னக்கா குத்தம் வந்துரப் போவுது?" என்று சித்தி அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

தபசு அன்றைக்கு பஸ்ஸில் நிற்க இடமில்லை. சங்கரன்கோவிலில் இறங்கினால் தெரு முழுக்கத் தலை. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்தும் குருவிகுளம் பக்கத்திலிருந்தும் கரிசல்காட்டு ஆட்கள் மடியில் பருத்தியும் மிளகாய் வத்தலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாமி காட்சி கொடுக்கும்போது காட்டில் விளைந்ததைச் சாமிமேல் எறிவது வழக்கம். சூறை விடுவது என்பார்கள். கோயிலைச் சுற்றி ஒரு கூட்டம் ஆடிச்சுற்று போய்க்கொண்டிருந்தது. நூற்றெட்டுச் சுற்று. நடக்கிறவர்களுடைய கால்வலியை ஒற்றைக்காலில் தபசு நிற்கிற அம்பாள் வாங்கிக்கொள்வாள் என்பார்கள். அவள் காலுக்கு இருக்கிற வேலை போதாதென்று இது வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கோபுரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பச்சைக்கரை வேட்டி, தோளில் துண்டு. அம்மா என்னை ஒரு பார்சலைப்போல ஒப்படைத்தாள். "மாப்ள, காச்சி முடிஞ்சதும் தெப்பத்துல காலை நனைச்சிட்டு இருட்டுறதுக்குள்ள இங்கன வந்திருங்க. நாங்க இங்கனதான் உக்காந்திருப்போம்" என்றாள். அவர் "சரி" என்றார். அம்மா என் காதருகே குனிந்தாள். "வரும்போது ஒரு முடிவோட வா. அப்புறம் உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

நடந்தோம். அந்தக் காலத்தில் புருஷன் முன்னால் போவார், பெண்டாட்டி நாலு எட்டு பின்னால் போவாள். அது அவர் கண்டுபிடித்த வழக்கமில்லை. அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் நடந்தார்கள், சண்டைகூட அப்படி நடந்துகொண்டேதான் போடுவார்கள். நான் தலையைக் குனிந்து அவர் குதிகாலையும் வேட்டியின் கரையையும் பார்த்துக்கொண்டே போனேன். தேரடியைத் தாண்டினோம். தெற்கு ரதவீதியில் திரும்பினோம். ஒரு சொல் இல்லை. ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தபசு மண்டபத்தில் அம்பாள் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். சிவனும் பெருமாளும் ஒன்றாகச் சேர்ந்த உருவத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு கோமதியம்மன் ஒற்றைக்காலில் தபசு நின்றாள். அன்றைக்கு அவளுக்கு அந்தக் காட்சி கிடைக்கும். சாமி எதிரே வந்து நின்றதும் தெருவே கத்தியது. பருத்தி பறந்தது, வத்தல் பறந்தது, எலுமிச்சம்பழம் ஒன்று யார் தலையிலோ விழுந்து என் தோளில் பட்டுப் போனது. நான் பார்த்தது சாமியின் குடையை மட்டும். பின்னாலிருந்து ஒரு தள்ளு வந்தது. நான் ஒரு பக்கம் போய், சுழன்று, ஒரு தூணைப் பிடித்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் எல்லாம் முதுகு. பிறகு அந்தக் கும்பலிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையும் பச்சைக்கரை வேட்டியும் விலகித் தெப்பம் போகிற வழியில் நடந்தன. அப்பாடா என்று பின்னால் ஓடிப்போய் நாலு எட்டு இடைவெளியில் சேர்ந்துகொண்டேன்.

அந்த வருஷம் ஊரில் பாதிப்பேர் அதே கரை வேட்டிதான் கட்டியிருந்தார்கள். சட்டையின் முதுகில் பருத்தி ஒட்டியிருந்தது. குமாஸ்தாவுக்குப் பருத்தி ஏது என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு எல்லார் முதுகிலும் பருத்தி இருந்தது, என் தலையிலும் இருந்தது.

பத்து எட்டு போயிருப்போம்.

"பாத்து வா. இங்கன ஒரு குழி கெடக்கு."

எனக்குக் கால் நின்றுவிட்டது. குழிக்காக இல்லை. இருபத்துமூன்று நாளும் ஆடியில் பாதியும் சேர்த்து, என் நன்மைக்காக அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை, முன்னால் பார்த்தபடியே சொன்னார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் குரல் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே எனக்கு அதிகம். குழியைச் சுற்றிப் போனேன்.

சித்தி கெட்டிக்காரி என்று நினைத்தேன். வெளியே வந்ததும் பேச்சு வந்துவிட்டது. வந்தது மட்டுமில்லை, நிற்கவும் இல்லை. இது பழைய மண்டபம், இந்தக் கல்லை எல்லாம் மலைப்பக்கத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்களாம் என்றார். கோயிலைக் கை காட்டி, வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட ஒரு பாளையக்காரரைப் பற்றிச் சொன்னார். "வெலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போறான். சாமி கும்பிட்டுட்டு வாரேன்னு கோயிலுக்குள்ள போனவருதான். வெலங்கு மட்டும் கீழ கெடந்துச்சாம். ஆள இன்னிக்கு வரைக்கும் காணோம்." எனக்குத் தெரிந்த கதைதான், பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு ஆள் எனக்காக மெனக்கெட்டு ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

வழியில் ஒரு கடையில் நின்றார். காகிதப் பொட்டலத்தில் கருப்பட்டி மிட்டாய் வாங்கினார். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நடந்துகொண்டே ஒன்றை வாயில் போட்டேன். புதுப்பெண் தெருவில் தின்றுகொண்டு போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் நான் கேட்கிற நிலைமையில் இல்லை.

தெப்பம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவர் நடை மெதுவானது. பேச்சும் நின்றது. பிறகு, அதுவரை இல்லாத தணிந்த குரலில், முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு நீ கெளம்பும்போது நான் வந்து நின்னிருக்கணும். நிக்கல. தப்புதான். மனசுல வச்சுக்காத."

இரண்டாவது மிட்டாய் வாயிலேயே நின்றது. சைக்கிள், பம்ப், காற்று, எல்லாம் கரைந்துபோனது. ஒரு ஆம்பளை பெண்டாட்டியிடம் தப்புதான் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் அப்பா ஊரெல்லாம் பேசுவார், அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் அகராதியில் கிடையாது. அந்த இடத்திலேயே, தெப்பக்குளத்தின் மேல்படியில் நின்றபடி, ஆவணியில் போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆவணி முதல் தேதியே போக வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு என் புருஷன்மேல் ஆசை வந்தது அந்த நடையில்தான்.

அவர் இரண்டு படி இறங்கி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லைத் தட்டினார். "உக்காரு, காலு வலிக்கும்" என்று சொல்லித் திரும்பினார்.

நரைத்த மீசை. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஐம்பதுக்குக் கிட்டத்தட்ட வயது. நான் முன்பின் பார்த்திராத ஆள்.

எனக்கு முன் அவர்தான் பயந்தார். துண்டு கையிலிருந்து நழுவியது. "ஏ தாயி... நீ யாரு? எங்க வீட்டுக்காரி எங்க?" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். எந்த ஊரில் நான் வாழ வேண்டுமோ அந்த ஊரில், தபசு நாளில், ஊர் பேர் தெரியாத ஒருவர் பின்னால் தெரு நெடுக நடந்து வந்திருக்கிறேன். அவர் வாங்கிக்கொடுத்த மிட்டாய் வாயிலேயே இருக்கிறது. துப்பவா விழுங்கவா என்று தெரியாமல் அழுதேன். மாமியார் வீட்டுத் தெருக்காரி ஒருத்தி பார்த்திருந்தாலும் போதும், ஆவணிக்கு நான் போகமாட்டேன் என்று சொல்லத் தேவையே இருக்காது, அவர்களே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

"அழாத தாயி. எனக்கு உன் வயசுல மக இருக்கா" என்றார். தள்ளிப்போய் நாலு படி கீழே நின்றுகொண்டார், பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்கக் கூடாது என்று. "அவ பின்னால வாரான்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. அதான் பாக்காம நடந்தேன். எங்க போனாலும் தெப்பத்துக்கு வந்துருவா, வருசா வருசம் இங்கனதான் கட்டுச்சோறு பிரிப்போம். நீ உக்காரு."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? கோபுரத்தடிக்கு ஓடினால் அம்மாவிடம் என்ன சொல்வது? புருஷனைத் தேட வேண்டுமானால் என்ன அடையாளம் சொல்லித் தேடுவது? வெள்ளைச் சட்டை, பச்சைக்கரை வேட்டி என்று சொன்னால் தெருவையே கூட்டிவந்து நிறுத்துவார்கள். அந்த மனுஷர் படியில் இங்கும் அங்கும் நடந்தார்.

கால் மணி நேரம் இருக்கும். கனத்த உடம்பும் கையில் தூக்குவாளியுமாக ஓர் அம்மாள் படித்துறைக்கு வந்தாள். அவளுக்கு நாலு எட்டு பின்னால் என் புருஷன் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அந்த ஊரில் பெண்பிள்ளைக்குப் பின்னால் நடந்து வந்த ஆம்பளை அவர் ஒருவராகத்தான் இருக்கும். முகத்தில் ரத்தம் இல்லை.

அந்த அம்மாளுக்கு எல்லாம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள் பாருங்கள், குளத்துக்கு எதிர்க்கரையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தன் புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எனக்கு இருபது எட்டுலயே தெரிஞ்சிட்டு மக்கா. ஆடி பொறந்தா நான் இவருகிட்ட பேசுறதில்ல. ஆனா நான் பேசாட்டியும் இவரு பேசிக்கிட்டேதான் போவாரு. இன்னிக்கு முன்னால போற ஆளு வாயே தெறக்கல. அப்பமே நெனச்சேன், இது நம்ம ஆளு இல்லன்னு. முதுகுல ஒரு தட்டு தட்டித் திருப்புனா, இந்தத் தம்பி! பின்னால நீ இல்லன்னதும் அப்பிடியே வெள்ளக் காயிதமாப் போயிட்டான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபது எட்டில் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரு முழுக்கத் தெரியவில்லை. பேசினார் என்றதுமே இது நம் ஆள் இல்லை என்று எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்?

"அடையாளம் சொல்லுய்யா, மைக்குல சொல்லுவோம்னேன்" என்று அவள் தொடர்ந்தாள். "சேலை என்ன கலருன்னு கேட்டேன். தெரியலங்கான். நெறம் எப்பிடின்னேன். முழிக்கான். கடைசில ஒண்ணே ஒண்ணு சொன்னான். வலது காலு மிஞ்சி லூசா இருக்கும், நடந்தா தரையில தட்டுற சத்தம் கேக்கும்னு. இத மைக்குல சொன்னா ஊரு சிரிக்காதா?"

கால்விரல் மிஞ்சி லூசாக இருந்தது உண்மைதான். மாமியார் வீட்டில் எடுத்தது, அளவு பெரிது. குறை சொன்னதாக ஆகிவிடுமே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

அப்படியே எழுந்து போயிருக்கலாம். ஆனால் என்னிடம் வேறொருத்தியின் சாமான் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் படியேற முடியவில்லை. அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போய், பொட்டலத்தை நீட்டி, முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.

"இது உங்களுக்கு வாங்குனது. நான் ரெண்டு தின்னுட்டேன். இன்னொண்ணும் சொன்னாக. அன்னைக்கு நீங்க கெளம்பும்போது வந்து நின்னிருக்கணும், நிக்காதது தப்புதான், மனசுல வச்சுக்காதன்னு."

அவள் சிரிப்பு நின்றது. பொட்டலத்தை வாங்கவில்லை. கீழ்ப்படியில் நின்ற அந்த மனுஷர் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் கல்லில் உட்கார்ந்தாள்.

"எங்கம்மை செத்தது ஆடி மாசம். மூணு வருசமாச்சு" என்று என்னிடம் சொன்னாள். "ஆள் வந்து சொன்னதும் நான் அழுதுகிட்டே ஓடுதேன். இவரு பருத்திக்காட்ட விட்டு வரமாட்டேன்னுட்டாரு. என்னத் தனியா பஸ் ஏத்திவிடக்கூட வரல." பிறகு, அந்த ஆடியில் முதல் தடவையாக, புருஷனைப் பார்த்தே பேசினாள். "இத எங்கிட்ட சொல்ல உமக்கு மூணு வருசம் வேண்டியிருந்துச்சு. சொன்னதும் அடுத்தவன் பொண்டாட்டிகிட்ட."

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் அசைந்தது. அவள் என் கையிலிருந்த பொட்டலத்தில் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை என் கையிலேயே வைத்து மூடினாள். "நீங்க போங்க, இருட்டிட்டு வருது" என்றாள். தூக்குவாளியைத் திறந்து, "வாரும். சோறு ஆறிப்போச்சு" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவர்கள் எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ தபசு பார்த்தாயிற்று, அவர்களைப் பார்த்ததில்லை.

நாங்கள் திரும்பி நடந்தோம். அதே வழி, அதே நாலு எட்டு. அவர் முன்னால், நான் பின்னால். கோபமாக இருக்கிறாரா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மிட்டாய்க் கடையைத் தாண்டினோம். குழியைத் தாண்டினோம். குழி இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. மண்டபத்தில் கூட்டம் குறைந்திருந்தது. கேட்டது கிடைத்த அம்பாள் எப்படி இருப்பாள் என்று எட்டிப் பார்த்தேன், யாரோ மறைத்துக்கொண்டு நின்றார்கள். தெரு பூராவும் மிதிபட்ட பருத்தி கிடந்தது. தெப்பப் படியில் எடுத்த முடிவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அது இவருக்காக எடுத்ததில்லை. அதை இவருக்குக் கொடுப்பது ஏமாற்றுவேலை. பழைய முடிவுக்கே போகலாம் என்றால் அதுவும் முழுதாக வரவில்லை. அப்பாவிடம் அம்மா எப்படிப் பேசுவாள், ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

கோபுரத்தடிக்கு வந்துவிட்டோம். அம்மாவும் சித்தியும் கோபுர வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அம்மா எழுந்து நின்று என் முகத்தைத் தேடினாள்.

அவர் நின்றார். நானும் நாலு எட்டு பின்னால் நின்றேன். கும்பல் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பினார். முழுதாகத் திரும்பி, என் முகத்துக்கு நேராகப் பார்த்தார். மீசை மெலிதாக, ஒரு பக்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது. வெட்டும்போது கை தவறியிருக்க வேண்டும். உதடு இரண்டு தடவை அசைந்து, பிறகுதான் சத்தம் வந்தது.

"எனக்குப் பேச வராது" என்றார். மூச்சு விட்டார். "ஆவணியில வருவியா?"

நான் போகமாட்டேன் என்றதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சித்தி கார்டில் எழுதியிருப்பாள். படியில் வைத்து யோசித்தது எதுவும் இங்கே செல்லாது, முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு சுமைக்காரர் "வழி விடும் வே" என்று அவர் தோளில் இடித்துப் போனார். அவர் நகரவில்லை. திரும்பி அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்தால் நான் காணாமல் போய்விடுவேன் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாரேன்" என்றேன்.